செல்வராணி ஏறிய தபசு மரம்

காஞ்சிபுரம் போய் வந்தேன் என்றதும் தெருவில் எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: என்ன புடவை எடுத்தாய்? புடவை எடுக்கவில்லை. ஒரு எலுமிச்சம்பழம் கிடைத்தது. அதுவும் கையில் தங்கவில்லை.

வைகாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை அது. அரக்கோணத்தில் என் டிபன் கடைக்கு ஞாயிறு லீவு. வீட்டுக்காரர் வழக்கம்போல் டிவிக்குக் காவல் உட்கார்ந்துவிட்டார். நான் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். காரணம், செல்வராணி. கூத்தில் அர்ஜுனன் வேஷம் கட்டுகிற பெண். போனில் அவள் பாடுவதைப் பார்த்து, "மீசை உனக்கு நல்லா இருக்குது, என் வீட்டுக்காரருக்குக்கூட இவ்வளவு எடுப்பா இருக்காது" என்று எழுதிப் போட்டேன். சிரிப்பு பொம்மையை அனுப்பிவிட்டு, "ஞாயித்துக்கெழம தபசு ஏறுறேன், வாக்கா" என்று பதில் எழுதினாள். கூப்பிட்டால் போகிற ஆள் நான்.

அரக்கோணத்திலிருந்து பாசஞ்சர் ரயிலில் பத்து ரூபாய், ஒரு மணி நேரத்துக்குள் காஞ்சிபுரம். ரயிலில் மாங்காய்க் கீற்று வாங்கினேன், இருபது ரூபாய். மிளகாய்த்தூள் வேண்டாம், வெறும் உப்பு போதும் என்றேன். அந்தப் பாட்டம்மா தனியாக ஒரு உப்புப் பொட்டலம் மடித்துக் கொடுத்தார். ஸ்டேஷனிலிருந்து பிள்ளையார்பாளையத்துக்கு ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய். ஓட்டுகிற தம்பி கண்ணாடி வழியாகப் பார்த்து, "பொடவைக்கா? நம்ம கட இருக்குது, கூட்டிக்கினு போறேன்" என்றான்.

"ஒரு ஆம்பளையப் பாக்கப் போறேன்பா" என்றேன்.

தம்பி அதற்கப்புறம் கண்ணாடியைப் பார்க்கவே இல்லை.

பிள்ளையார்பாளையத்தில் ஞாயிற்றுக்கிழமையும் தறி ஓடும். நெசவுக்காரர்களுக்கு அமாவாசைதான் லீவு. சந்துக்குள் நடக்க நடக்க இரண்டு பக்கமும் டக்கு டக்கென்று சத்தம், ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு தாளத்தில். ஒரு வீட்டு வாசலில் சாயம் போட்ட பட்டு காய்ந்துகொண்டிருந்தது. அரக்கு நிறத்துக்கு அடுத்து மாம்பழ நிறம், அதற்கடுத்து மயில் கழுத்து. காற்று வந்தபோது அந்த நிறங்கள் எழுந்து ஒன்றையொன்று தொட்டுவிட்டுத் திரும்பி வந்தன. எங்கே போகிறோம் என்பதே எனக்குக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டது. யாராவது அங்கேயே பாய் போட்டுக் கொடுத்திருந்தால் படுத்திருப்பேன்.

செல்வராணிக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். ராட்டையில் பட்டு இழை சுற்றிக்கொண்டிருந்தாள். அதுதான் கூத்தில்லாத நாட்களில் அவள் வேலை. அன்றைக்குக் கூத்து இருந்தும் சுற்றினாள். கை சும்மா இருந்தால் நெஞ்சு படபடக்கிறதாம். தபசு ஏறுகிறவர் பொழுது விடிந்ததிலிருந்து இறங்கும்வரை பச்சைத் தண்ணீர் குடிக்கக்கூடாது. அவள் உதடு அப்போதே காய்ந்திருந்தது. பக்கத்தில் அவள் வீட்டுக்காரர் முருகேசன் மட்டும் காபி குடித்துக்கொண்டிருந்தார். அவரும் அதே கூத்துக் குழுதான். என்ன வேஷம் என்று கேட்டேன்.

"பாஞ்சாலி" என்றார்.

நான் சிரித்ததில் பக்கத்து வீட்டுத் தறி நின்றுவிட்டது. மேடையில் பெண்டாட்டி புருஷன், புருஷன் பெண்டாட்டி.

"நீ சிரி. மேடையில இவ காலத் தொட்டுக் கும்பிடறேன். வூட்டுக்கு வந்து சோறு போடுன்னா, நீயே போட்டுக்கோங்கறா" என்றார் முருகேசன்.

"பாஞ்சாலிதானே போடணும்" என்றாள் செல்வராணி.

சிரித்து ஓய்ந்தபிறகு அவள் பேசியதை அப்படியே எழுதுகிறேன். எழுதலாம் என்று சொல்லிவிட்டாள். "பட்டு வேலன்னு சொல்லித்தான்க்கா இந்த வூடு புடிச்சோம். கூத்துன்னா வாடகைக்குத் தரமாட்டாங்க. ரேஷன் கார்டுல கூலின்னு இருக்குது. போன்ல கலைஞர்னு போட்டுக்கினு இருக்கறேன். மூஞ்சில அரிதாரம் ஏறுனா அர்ஜுனன். இதுல எது நானு, நீயே சொல்லு."

"உன் வீட்டுக்காரர் உன்னை இன்னான்னு கூப்பிடறாரு?"

"ஏய்ங்கறாரு."

"அப்ப அதான் நீ."

சிரித்தாள். ஆனால் ராட்டை நிற்கவில்லை. அன்றைக்கு ஏன் நெஞ்சு படபடக்கிறது என்று பிறகு முருகேசன்தான் சொன்னார்.

இந்தப் பக்கத்து ஊர்களில் பாரதக் கதையைப் பிரசங்கமும் கூத்துமாகப் பல நாள் நடத்தும்போது, அதில் ஒரு நாள் அர்ஜுனன் தபசு. ஈசனிடம் அஸ்திரம் வாங்க அர்ஜுனன் தவம் செய்தானே, அது. உயரமான பனைமரத்தை நட்டு, படி அடித்து, உச்சியில் பரண் கட்டுவார்கள். அர்ஜுனன் வேஷக்காரர் படிக்கு ஒரு பாட்டுப் பாடிக்கொண்டே ஏறி, மேலிருந்து எலுமிச்சம்பழமும் பூவும் விபூதியும் எறிவார். குழந்தை வேண்டுகிற பெண்கள் ஈரப் புடவையோடு கீழே உட்கார்ந்து மடி ஏந்துவார்கள். மடியில் பழம் விழுந்தால் குழந்தை பிறக்கும் என்று நம்பிக்கை. இத்தனை வருஷம் ஏறியது ஆண்கள். இந்த வருஷம்தான் குழுவை நடத்துகிற வாத்தியார் செல்வராணியை ஏறச் சொன்னார். தபசு நடக்கிற ஊரும் சரி என்றது. பிறகு யாரோ ஒருவர் கண்டுபிடித்துச் சொன்னார், செல்வராணிக்கே குழந்தை இல்லை என்று.

ஊர்க்காரர்கள் ஏறாதே என்று சொல்லவில்லை. ஏறட்டும், மடி ஏந்துவதும் ஏந்தாததும் பொம்பளைங்க இஷ்டம் என்று சொல்லிவிட்டார்கள். வாத்தியார் அதற்கு மேல் ஒன்று சொன்னார். கீழே ஒருத்தியும் உட்காராவிட்டால் இனிமேல் எந்த ஊரிலும் செல்வராணிக்கு அர்ஜுனன் கிடையாது, தோழி வேஷம்தான். மற்ற ஊர்க்காரர்கள் குழுவையே கூப்பிடமாட்டார்கள் என்று அவருக்குப் பயம்.

"நான் பாஞ்சாலி கட்டறப்ப எனக்குப் புள்ள இருக்குதான்னு ஒருத்தன் கேட்டதில்ல. அதே வூட்ல, அதே பாயில படுத்து எழுந்திரிக்கறவன்தான் நானும்" என்றார் முருகேசன். காபி டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே போனார்.

எனக்குக் கேலி வரவில்லை. அபூர்வம்.

பிள்ளையார்பாளையத்திலிருந்து மெயின் ரோட்டுக்கு நடந்து வந்தால் ஓரிக்கைப் பக்கம் டவுன் பஸ். நமக்கு டிக்கெட் கிடையாது, பெண்ணாகப் பிறந்த புண்ணியம். அங்கிருந்து பாலாற்றோரமாக ஷேர் ஆட்டோ, முப்பது ரூபாய், ஐந்து கிலோமீட்டர் இருக்கும். ஊர்ப் பெயரை எழுதவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். எழுதவில்லை.

நான் போனபோது பகல் பிரசங்கம் நடந்துகொண்டிருந்தது. கதை சொல்கிறவர் பெயர் தணிகாசலம். மைக்கில் அவர் குரல் மெதுவாக வந்தது, யாரையோ தூங்க வைக்கிற மாதிரி. பந்தலுக்குப் பின்னால் புங்கமர நிழலில் முந்தானையை விரித்துச் சாய்ந்தேன். மரத்தில் பூ. காற்றுக்கு உதிர்ந்து என்மேல் விழுந்துகொண்டே இருந்தது. ஆற்று மணல் வெயிலில் தண்ணீர் மாதிரி மின்னியது. குரல் கிட்டே வந்தது, எட்டப் போனது. அர்ஜுனன் காட்டுக்குள் போகிறான் என்றார். நான் பார்த்த அர்ஜுனன் பிள்ளையார்பாளையத்துச் சந்தில் போனான். இரண்டு பக்கமும் காய்கிற பட்டை விலக்கி விலக்கி நடந்தான். தறிச் சத்தம் குதிரைக் குளம்புச் சத்தமாகக் கேட்டது. தாகமா என்று கேட்டேன். திரும்பிப் பார்த்தான். மீசைக்குக் கீழே காய்ந்த உதடு.

விழித்தபோது எதிரில் பிரசங்கியாரே நின்றிருந்தார், கையில் டீயோடு.

"என் கதைக்கு இவ்ளோ நல்லாத் தூங்கனவங்கள இப்பதான்மா பாக்கறேன்."

"கதை உள்ள எறங்கிடுச்சுங்கய்யா, அதான்" என்றேன். ஒரு டீ எனக்கும் சொன்னார்.

பங்குனியிலிருந்து ஆடிவரை பாரதம், மற்ற மாதங்களில் இன்சூரன்ஸ் பிடிக்கிற வேலையாம் அவருக்கு. "ரெண்டுலயும் சாவப் பத்தித்தான் பேசறேன். இதுல மால போடறாங்க, அதுல கதவச் சாத்தறாங்க" என்றார். செல்வராணி விஷயம் அவரிடமும் வந்திருக்கிறது. "பொம்பள அர்ஜுனன் கட்டலாமான்னு மொதல்ல கேட்டாங்க. அர்ஜுனனே ஒரு வருஷம் பொம்பள வேஷத்துல இருந்தவன்தானய்யான்னேன். சரின்னாங்க. அப்பறம், புள்ள இல்லாதவ பழம் எறியலாமான்னாங்க. பாரதம் முழுக்கப் பொரட்டிட்டேன். அதுக்கு எங்கிட்ட கத இல்லம்மா."

"இல்லாட்டி கட்டி வுடறதுதானே? நீங்க கட்டாத கதையா?"

டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். "கட்டலாம். மைக்குல சொல்லிட்டா அதுவே பாரதமா ஆயிடும். நாளைக்கு இன்னொருத்தன் அதையே வெச்சிக்கினு, நீ அந்தக் கதையில வர்றவ மாதிரி இல்லன்னு இன்னொருத்தியத் தடுப்பான். அதான் பயம்."

வெயில் சாய்ந்தபோது செல்வராணி வந்தாள். கிரீடம் இல்லை, தோளில் கட்டும் மரக்கட்டை நகைகள் இல்லை. காவி வேட்டி, சடைமுடி, ருத்திராட்சம். முகத்தில் மட்டும் அரிதாரம். மரத்தை மூன்று சுற்றுச் சுற்றி ஏற ஆரம்பித்தாள். முருகேசன் கீழே நின்று பின்பாட்டுப் பாடினார்.

ஈரப் புடவையோடு பெண்கள் வந்திருந்தார்கள். ஆனால் தள்ளி நின்றார்கள். ஒவ்வொருத்தி முழங்கையையும் ஒரு மாமியாரோ அம்மாவோ பிடித்திருந்தார். மரத்தடியில் கோலம் போட்ட இடம் காலியாகக் கிடந்தது. அவள் ஒரு படி ஏறினாள், பாடினாள். இன்னொரு படி. குரல் உயர உயரப் போனது. பரணுக்குப் போய் உட்கார்ந்து கீழே பார்த்தாள். பாட்டை நிறுத்தவில்லை. பழம் எறிய வேண்டிய இடம் வந்தும் எறியாமல், அதே அடியைத் திரும்பத் திரும்பப் பாடினாள். முருகேசனும் திரும்பத் திரும்பப் பாடினார். வாத்தியார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் பக்கத்தில் நீல வளையல் போட்ட ஒரு பெண். முழங்கையை விடுவித்துக்கொண்டாள்.

"எங்கடி போற?" என்றார் மாமியார்.

"வுடு அத்த. போன வருஷம் ஏறுனவருக்கு வூட்ல நாலு புள்ளிங்க. அவுருக்கு இன்னா தெரியும்? வாயளவுக்குப் பாடிட்டு எறங்கிட்டாரு. இவ அப்பிடியா சாமிகிட்ட கேப்பா?"

கோலத்தின்மேல் போய் உட்கார்ந்து முந்தானையை விரித்தாள். கொஞ்ச நேரம் அவள் மட்டும். பிறகு ஒருத்தி. பிறகு இடமே இல்லை. நீல வளையல்காரியின் மாமியார்தான் பின்னால் நின்று மற்றவர்களைத் தள்ளி உட்காரச் சொல்லிக்கொண்டிருந்தார். பிரசங்கியார் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். அவருக்குக் கதை கிடைத்துவிட்டது. வாத்தியார் தாளத்தை எடுத்துத் தானே போட ஆரம்பித்தார்.

மேலிருந்து விபூதி புகையாக இறங்கியது. பூ வந்தது. பழங்கள் சாயங்கால வெளிச்சத்தில் மஞ்சளாகச் சுழன்று சுழன்று, அவசரமே இல்லாமல் விழுந்த மாதிரி இருந்தது எனக்கு. வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று நேராக என் பைக்குள் விழுந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. வயது நாற்பத்தொன்பது, மூத்தவளுக்குக் கல்யாணமே ஆகிவிட்டது.

செல்வராணி இறங்கிவந்து பந்தலுக்குப் பின்னால் உட்கார்ந்தபோது அந்தப் பழத்தை அவள் மடியில் வைத்தேன்.

"நான் மூணு புள்ள பெத்துட்டேன். இத நீ வெச்சுக்கோ."

பாதி முகத்தில் அரிதாரம் கலைந்திருந்தது. பழத்தை உருட்டிப் பார்த்தாள். முருகேசன் பார்வையை எங்கோ வைத்துக்கொண்டார். "இந்த ஊரே என் வவுத்தப் பத்திப் பேசிச்சு. எனக்கு வேணுமான்னு யாரும் கேக்கலக்கா" என்றாள்.

"சரி, நான் கேக்கறேன். இன்னா வேணும் உனக்கு?"

யோசித்தாள். முருகேசனைப் பார்த்தாள். "நாளைக்குப் பாடணும். தொண்ட காஞ்சிக் கெடக்குது. உப்பு வெச்சிக்கினு இருக்கறியா?"

ரயிலில் வாங்கிய பொட்டலம் பையிலேயே இருந்தது. முருகேசன் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். பழத்தைப் பிழிந்து, உப்புப் போட்டு, முக்கால் சொம்பை ஒரே மூச்சில் குடித்தாள். மீதியை அவரிடம் நீட்டினாள். "குடி, பாஞ்சாலி."

போகிறவர்களுக்கு: பாரதம் நடக்கிற நாள் ஊருக்கு ஊர் மாறும். ஓரிக்கைப் பக்கம் டீக்கடையில் கேட்டால் சொல்வார்கள். தபசு மதியத்துக்கு மேல்தான், ஆகவே காலையில் பிள்ளையார்பாளையத்துச் சந்துகளில் நிதானமாக நடக்கலாம். தறியைப் பார்க்கவேண்டுமானால் வாசலில் நின்று கேட்டுவிட்டு உள்ளே போங்கள். கோயில் இட்லி கிடைத்தால் விடாதீர்கள், நான் நாற்பது ரூபாய்க்குச் சாப்பிட்டேன், இஞ்சியும் மிளகும் இரவுவரை தொண்டையில் இருந்தன. மடி ஏந்துகிற பெண்களைப் போட்டோ எடுக்காதீர்கள். கூத்துக்காரர்களிடம் பேசப் போனால் குழந்தை இருக்கிறதா என்று ஆரம்பிக்காதீர்கள், நாளைக்கு என்ன வேஷம் என்று கேளுங்கள். குடை, தண்ணீர் பாட்டில், சில்லறை எல்லாம் நீங்களே எடுத்துக்கொள்வீர்கள். உப்பு ஒரு பொட்டலம் இருக்கட்டும்.