ஆறாம் பலகையின் இடது பக்கம்

என் அண்ணி பல் கட்டுகிறவர். டாக்டர் என்று நினைத்துவிட வேண்டாம். டாக்டர் வாயில் அச்செடுத்து அனுப்புவார். அண்ணி அந்த அச்சில் கல்லாக இறுகுகிற பல் மாவைக் கரைத்து ஊற்றி, மெழுகில் ஈறு பிடித்து, பல்லை ஒவ்வொன்றாக அடுக்கி, செட்டாக்கித் திருப்பி அனுப்புவார். மருந்துக் கடைக்கு மேல் ஒரே ஜன்னல் உள்ள அறைதான் லேப். இருபத்திரண்டு வருடமாக அந்த ஜன்னலோரம்தான் அவருடைய மேசை. இந்த ஊரில் பாதிக் கிழவர்கள் அவர் கட்டிய பல்லால்தான் சிரிக்கிறார்கள். அவர்களில் ஒருவரைக்கூட அண்ணி நேரில் பார்த்தது கிடையாது. வாய் தெரியும், ஆள் தெரியாது.

போன வருடம் ஒருவர், முன்பல் ஒன்று பழைய பல்லைப் போலவே கோணலாக இருக்க வேண்டும், நேராக இருந்தால் வீட்டில் தன்னைச் சேர்க்க மாட்டார்கள் என்று அடம்பிடித்திருக்கிறார். டாக்டர் அவருடைய பழைய போட்டோவில் வாயை மட்டும் பெரிதாக்கி அனுப்பிவைத்தார். மேல் வரிசை, இடது பக்கம், இரண்டாவது பல். அந்த ஒரு பல்லோடு அண்ணி இரண்டு நாள் மல்லுக்கட்டினார். இவ்வளவு பாடுபட்டு யார் பார்க்கப்போகிறார்கள் என்று கேட்டேன்.

"நான் நல்லா செஞ்சா யாருக்கும் தெரியாது. தெரிஞ்சா வேலை மோசம்னு அர்த்தம்" என்றார்.

அதை அவர் குறையாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் சுருக்கென்றது.

நான் பஸ் நிலையத்தில் விசாரணை ஜன்னலில் உட்காருகிறவள். வண்டி எப்போது வரும், ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்தவள். ஓடுகிற எதையும் வீட்டுக்குள் வைத்துப் பார்க்கிற ஆசை எனக்கு இல்லை. அதனால் அண்ணி பொம்மை ரயில் கிளப்பில் சேர்ந்தபோது வாய்க்கு வந்தபடி கேலி செய்தேன். அவர் சேர்ந்ததே ஒரு தற்செயல். நூலகத்துக்குப் புத்தகம் திருப்பிக் கொடுக்கப் போனவர், மாடியில் ஏதோ சத்தம் கேட்கிறதே என்று எட்டிப் பார்த்திருக்கிறார். வளர்ந்த ஆண்கள் பத்துப் பன்னிரண்டு பேர், சக்கரம் கழன்ற ஒரு இன்ஜினைச் சுற்றிக் கையைப் பிசைந்துகொண்டு நின்றிருக்கிறார்கள். அண்ணி கைப்பையிலிருந்து சின்ன இடுக்கியை எடுத்து ஐந்து நிமிடத்தில் சரிசெய்தார். அன்றைக்கே உறுப்பினர் ஆக்கிவிட்டார்கள். பிறகு மூன்று வருடம் அவருக்குக் கிடைத்த வேலை சக்கரம் மாட்டுவதும், பெயர் அட்டை எழுதுவதும்தான். அங்கேயும் திரைக்குப் பின்னால்தான்.

கிளப் வருடம் ஒருமுறை கண்காட்சி வைக்கும். எட்டுப் பலகைகள், ஒவ்வொன்றும் நூற்றிருபது சென்டிமீட்டர் நீளம், அறுபது அகலம். ஒரு பலகையை ஒருவர் வீட்டில் செய்து கொண்டுவருவார். எட்டையும் வரிசையாகப் பூட்டினால் ஒரே ரயில் பாதை. முதல் பலகையில் கிளம்பும் ரயில் எட்டாவதில் போய் நிற்க வேண்டும். இந்த வருடம் ஆறாம் பலகைக்காரர் வேலை மாற்றலாகி வெளியூர் போய்விட்டார். யார் செய்கிறீர்கள் என்று செயலாளர் கேட்டார். அண்ணி கையைத் தூக்கிவிட்டார்.

"ஒரே ஒரு தடவை, நான் செஞ்சத நாலு பேரு குனிஞ்சு பாக்கணும். அவ்வளவுதான்" என்று வீட்டுக்கு வந்து சொன்னார்.

அண்ணி எதற்காவது ஆசைப்பட்டு நான் பார்த்ததே இல்லை. புடவைக் கடையில்கூட எனக்கு எது பிடிக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் தனக்கு எடுப்பார். அன்றிலிருந்து நான் கேலியைக் குறைத்துக்கொண்டேன். நிறுத்தினேன் என்று சொல்ல மாட்டேன்.

நான்கு மாதம் எங்களுக்குச் சாப்பாட்டு மேசை கிடையாது, தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டோம். தெர்மக்கோலை வெட்டி ஒட்டி, மேலே பல் மாவைப் பூசி, மெழுகுக் கத்தியால் கீறிக் கீறி மலை எழுப்பினார். மலைக்குள் ஒரு குகைப்பாதை. இந்தப் பக்கம் ஏழு வீடுகள். கூரைக்கு லேப்பில் மிச்சமான ஈறுப் பொடியைக் கரைத்துப் பூசினார், ஏழும் இளஞ்சிவப்பு. ஊரே வாயைத் திறந்துகொண்டிருக்கிற மாதிரி இருக்கிறது என்றான் அண்ணன். ரயிலுக்காகக் காத்திருக்கும் மனிதன் ஒருவனையும் செய்தார், இரண்டு சென்டிமீட்டர் உயரம். அவனுக்கும் பல் வைத்தாயிற்றா என்று கேட்டேன். அவன் வாயை மூடிக்கொண்டிருக்கிறான் என்று தலைநிமிராமல் பதில் சொன்னார்.

ஆறாம் பலகைக்கென்று கிளப் கொடுத்த விதித்தாள் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தது. இடது முனையில் தண்டவாளம் முன்விளிம்பிலிருந்து பதினைந்து சென்டிமீட்டரில் நுழைய வேண்டும். வலது முனையில் முப்பதில் வெளியேற வேண்டும். இம்மி பிசகக் கூடாது. அண்ணி தினமும் அளந்தார். இம்மி பிசகவில்லை.

கண்காட்சி சனிக்கிழமை. வியாழன் மாலை நூலக மாடியில் ஒத்திகைக்காகப் பலகைகளைப் பூட்டினார்கள். நானும் அண்ணனும் ஆறாம் பலகையை ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு போனோம். செயலாளருக்கு டைம்டேபிள் என்று நான் பெயர் வைத்திருந்தேன். எதையும் மணி பார்த்தே செய்கிறவர், கெட்டவர் இல்லை. அவரே ஐந்தாம் பலகையோடு ஆறாம் பலகையைச் சேர்த்தார். சேர்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். ஐந்தாம் பலகையின் தண்டவாளம் எங்கள் பலகையின் புல்தரையில் முட்டிக்கொண்டு நின்றது. எங்கள் தண்டவாளம் அதற்குப் பதினைந்து சென்டிமீட்டர் பின்னால், குகை வாயில் இருந்தது.

"அம்மா, இடது பக்கத்த வலது பக்கம் வச்சுட்டீங்களே" என்றார்.

அண்ணிக்குப் புரியவில்லை. தாளை வாங்கிப் படித்தார். பலகையைப் பார்த்தார். பிறகு மேசையைச் சுற்றிக்கொண்டு போய், பலகைக்குப் பின்னால், எங்களைப் பார்த்தபடி நின்றார். அப்படியே இடது கையை நீட்டினார். கை பதினைந்து சென்டிமீட்டர் முனையைத் தொட்டது.

"பலகையோட இடது இதுதானே?"

நான்கைந்து பேர் சிரித்துவிட்டார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் எனக்குப் புரிந்துவிட்டது. பல் வேலையில் இடது என்றால் நம் இடது கிடையாது. எதிரே வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருப்பவருடைய இடது. இருபத்திரண்டு வருடமாக அண்ணிக்கு உலகத்தில் உள்ள எல்லா இடதும் எதிராளியின் இடதுதான். பலகை நம்மைப் பார்க்கிறது, அதனால் பலகையின் இடது. அவர் கணக்கில் ஒரு தப்பும் இல்லை.

பலகையைத் திருப்பிப் போடலாமே என்று அண்ணன் கேட்டான். திருப்பினால் மலை முன்னால் வந்து எல்லாவற்றையும் மறைக்கும், அளவும் சேராது. டைம்டேபிள் ஒரு வழி சொன்னார். கிளப்பில் உபரியாக ஒரு வெறும் பலகை உண்டு, தண்டவாளம் மட்டும் ஒட்டியது. அதை ஆறாம் இடத்தில் போட்டுக்கொள்ளலாம். அண்ணியின் பலகையை ஓரமாக ஒரு மேசையில் காட்சிக்கு வைக்கலாம். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அதுதான் இன்னும் வலித்தது.

அண்ணி குகை வாயை விரலால் தடவிப் பார்த்தார்.

"கடிக்காத பல்ல நான் இதுவரைக்கும் யாருக்கும் குடுத்தனுப்பினதில்ல. சனிக்கிழமை காலைல எத்தன மணிக்குப் பூட்டுவீங்க?"

எட்டரைக்கு என்றார் டைம்டேபிள். எட்டரையை ஒரு நிமிடம் தாண்டினாலும் வெறும் பலகைதான் என்பதையும் சொல்லிவிட்டார். அண்ணி தலையசைத்துவிட்டு, பலகையின் ஒரு பக்கத்தைத் தானே தூக்கினார்.

வெள்ளிக்கிழமை அவர் லேப்புக்கு லீவு சொன்னார். நானும் விசாரணை ஜன்னலுக்கு லீவு போட்டேன். ஒரு நாள் பயணிகள் தாங்களாகவே தெரிந்துகொள்ளட்டும். காலை ஆறு மணிக்கு அண்ணி தண்டவாளத்தைப் பெயர்க்க ஆரம்பித்தார். நான்கு மாதமாக ஒட்டினதை ஒரு மணி நேரத்தில் அவர் பிரித்தெடுக்கிறதைப் பார்க்க எனக்குத் தாளவில்லை. அவர் முகத்தில் ஒன்றுமே இல்லை. உடைந்த பல் செட்டு வந்தால் முதலில் இன்னும் கொஞ்சம் உடைக்கத்தான் வேண்டியிருக்கும், அப்போதுதான் சரியாகச் சேரும் என்றார்.

பிறகு மலை. குகையைப் பதினைந்து சென்டிமீட்டர் முன்னால் கொண்டுவர வேண்டும். புதிதாகக் கட்ட நேரமில்லை. அண்ணி மெல்லிய ரம்பத்தை எடுத்து மலையை அடியோடு அறுத்தார். அண்ணன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டோம். மலையைப் புரட்டுகிற வேலை என்று ஆபீசில் சும்மா சொல்லுவோம்; எங்கள் குடும்பம் நிஜமாகவே புரட்டியது. மலைக்குப் பின்னால் அதே அகலத்துக்கு மொட்டைப் பலகை தெரிந்தது. அது யார் கண்ணுக்கும் படாத இடம் என்று நான் விட்டுவிடச் சொன்னேன். அண்ணி அதற்கும் புல் தூவினார்.

ஏழு வீடுகளில் ஒன்று பெயர்க்கும்போது உடைந்தது. நான்தான் உடைத்தேன், மறைப்பானேன். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. அண்ணி துண்டுகளைப் பொறுக்கிப் பார்த்துவிட்டு, ஆறு வீடு போதும், ஊர் கொஞ்சம் காற்றோட்டமாக இருக்கட்டும் என்றார். அதே தண்டவாளத்தை எதிர்ப்பக்கமாக வளைத்து, பதினைந்தில் நுழைத்து, முப்பதில் வெளியே எடுத்து, அடியில் மின்கம்பிகளைப் பற்றவைத்தபோது மணி மாலை ஐந்து. தண்டவாளத்தின் இரண்டு முனைகளையும் நான் அளந்தேன். அண்ணன் அளந்தான். அண்ணி அளக்கவில்லை. எங்கள் இருவரையும் பலகைக்கு முன்னால் நிற்கவைத்து, எங்கள் இடது கையைத் தூக்கச் சொன்னார். இரண்டு கையும் ஒரே பக்கம் உயர்ந்ததைப் பார்த்த பிறகுதான் உட்கார்ந்தார்.

சனிக்கிழமை எட்டு இருபதுக்கு மாடி ஏறினோம். ஐந்தும் ஆறும் கச்சிதமாகச் சேர்ந்தன. டைம்டேபிள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வெள்ளோட்டம் விட்டார்கள். ரயில் ஐந்தைத் தாண்டி, மலைக்குள் போய் வெளியே வந்து, ஆறு வீடுகளைக் கடந்து, ஏழாம் பலகையைத் தொட்டதும் தடக்கென்று சாய்ந்தது. மறுபடி விட்டார்கள். மறுபடி அதே இடத்தில் சாய்ந்தது. அவசரத்தில் செய்தது, ஆறில்தான் ஏதோ கோளாறு என்று யாரோ சொன்னார்கள். வெறும் பலகையை எடுத்துவர ஒருவர் கிளம்பியேவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அவர் சட்டையைப் பிடித்திருப்பேன்.

அண்ணி கைப்பையிலிருந்து ஒரு நீலத் தாளை எடுத்தார். பல் செட்டைக் கடித்துப் பார்க்கச் சொல்லும்போது பல்லுக்கு நடுவே வைக்கிற தாள். எந்தப் பல் உயரமோ அதில் நீலம் ஒட்டும். தண்டவாளம் சேருகிற இடத்தில் தாளை விரித்து, ஒரு ரயில் பெட்டியை விரலால் மெல்ல உருட்டினார். தாளை எடுத்தார். ஆறாம் பலகையின் தண்டவாளம் சுத்தமாக இருந்தது. ஏழாம் பலகையின் நுனியில், கடுகளவு, பளிச்சென்று நீலப் பொட்டு.

ஏழாம் பலகை டைம்டேபிளுடையது. அவர் குனிந்து, கண்ணாடியைக் கழற்றி, கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

"இங்க கொஞ்சம் தூக்கியிருக்கு. அரைச்சு விடட்டுமா?" என்றார் அண்ணி. டாக்டரிடம் போனில் பேசுகிற அதே குரல்.

"அரைங்கம்மா" என்றார் டைம்டேபிள்.

கைப்பையிலிருந்து பல் அரைக்கிற கை மெஷினை எடுத்து மூன்று முறை தொட்டார். ரயில் ஆறிலிருந்து ஏழுக்கு வழுக்கிக்கொண்டு போய், எட்டில் நின்றது. வெறும் பலகையோடு வந்தவர் அதைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கைதட்டினார். டைம்டேபிள் சட்டைப்பையிலிருந்து விதித்தாளை எடுத்து, இடது என்ற சொல்லுக்குப் பக்கத்தில் பேனாவால் 'பார்ப்பவரின்' என்று எழுதிக்கொண்டார்.

பத்து மணிக்குக் கூட்டம் வந்தது. அண்ணி வழக்கம்போலப் பின்னால் போய் நின்றுகொண்டார். நான் கையைப் பிடித்து முன்னால் இழுத்து வந்தேன். ஆறாம் பலகைக்கு முன்னால் ஒரு பெரியவரும் அவர் மனைவியும் ரொம்ப நேரமாக நின்றிருந்தார்கள். பெரியவர் முழங்காலில் கைவைத்துக் குனிந்து, காத்திருக்கும் அந்த இரண்டு சென்டிமீட்டர் மனிதனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரு செஞ்சது இத?"

"நான்தான்" என்றார் அண்ணி. அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

பெரியவர் நிமிர்ந்து, வாய் நிறையச் சிரித்தார். அண்ணி அவர் முகத்தைப் பார்க்கவில்லை, வாயைத்தான் பார்த்தார். பார்த்தவர் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். நானும் பார்த்தேன். மேல் வரிசை, இடது பக்கம், இரண்டாவது பல். எல்லாம் நேராகத்தானே இருக்கிறது என்று நினைத்தேன். பிறகுதான் புத்தி வந்தது. அது என்னுடைய இடது. அவருடைய இடதில் பார்த்தேன். கொஞ்சமே கொஞ்சம் கோணலாக, அவருக்கே உரியதுபோல இருந்தது அந்தப் பல்.

"சொல்லுங்க அண்ணி" என்று காதில் கிசுகிசுத்தேன்.

"வேணாம். அது தெரியக்கூடாது. இது தெரிஞ்சா போதும்."

மலைக்குள்ளிருந்து ரயில் வரும் சத்தம் கேட்டது. பெரியவர் மறுபடி குனிந்தார். அவர் மனைவிக்கும் நன்றாகத் தெரியட்டும் என்று அண்ணி ஒரு அடி தள்ளி நின்று இடம் விட்டார்.