சரளைச் சிங்கங்களின் தலைவர்

பிளசன்டன் மாநகரில் தமிழருக்கென்று முதன்முதலாகச் சரளைப் பாதை சைக்கிள் சங்கம் கண்டவர் திருமூர்த்தி. வயது ஐம்பத்திரண்டு. பிறந்தது உடுமலைப்பேட்டை. ஒரு வங்கியின் டேட்டாபேஸ் விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்வது அவர் உத்தியோகம். அது விழுந்தால்தான் அதைப் பார்த்துக்கொள்பவர் யாரென்று விசாரிப்பார்கள். அவர் திறமைசாலி, அது விழவேயில்லை. ஆகவே யாரும் விசாரிக்கவுமில்லை.

அவரைச் சைக்கிளில் ஏற்றியது கொலஸ்ட்ரால். முதலில் தார் ரோட்டில்தான் ஓட்டினார். ஒரு நாள் பிக்கப் டிரக் ஒன்று காதருகே ஹாரன் அடித்துக் கடந்தது. திருமூர்த்தி எவ்வித எதிர்ப்பும் காட்டாமல் ஓரத்துப் புதருக்குள் போய் அமர்ந்தார். அதன்பின் கார் நுழையாத பாதையைத் தேடி அடுத்த ஊரான லிவர்மோர் பக்கம் போனார். அங்கே ஊர் முடிகிற இடத்தில் ஒரு மரக்கதவு. அதைத் தாண்டினால் சரளை.

ஒரு பக்கம் திராட்சைக் கொடிகள், பள்ளிப் பிள்ளைகள் பிரேயருக்கு நிற்பதுபோல் வரிசையாக. மறுபக்கம் ஆற்றுப் பள்ளத்தாக்கு. ஆறு என்பது மரியாதைக்குச் சொல்வது. கோடையில் உருண்டைக் கற்களும், கரையில் பட்டை உரிந்த சிக்கமோர் மரங்களும்தான். காட்டு வான்கோழிகள் குடும்ப சகிதமாகப் பாதையைக் கடக்கும். அவர் இறங்கி நின்று வழிவிடுவார். சனிக்கிழமைகளில் அவருடைய சமூக வாழ்க்கை பெரும்பாலும் அதுதான். டயருக்கடியில் சரளை அப்பளம்போல நொறுங்கிக்கொண்டே வரும். நிறுத்தினால் அந்தப் பேச்சுத்துணையும் நின்றுவிடும்.

இப்பேர்ப்பட்ட இடத்தைத் தனியாக அனுபவிப்பது சமூகத் துரோகம் என்று கருதித்தான் ‘சரளைச் சிங்கங்கள்’ என்ற வாட்ஸ்அப் குழுவைத் தொடங்கினார். நூற்றுச் சொச்சம் சிங்கங்கள் சேர்ந்தன. எந்தக் குழுவிலும் சேர்வதற்கு நாம் தயங்கியதில்லை. அதேபோல், வரமாட்டேன் என்று எழுதும் பழக்கமும் நம்மிடம் இல்லை. வெள்ளிக்கிழமை மாலை எல்லாச் சிங்கங்களும் கட்டைவிரலை உயர்த்தும். சனிக்கிழமை காலை ஒன்றுக்குப் பையனின் சாக்கர், இன்னொன்றுக்கு மாமியாரின் ஜெட்லாக். மற்றவை காரணம் சொல்லும் அளவுக்கு எழுந்திருக்கவே இல்லை. திருமூர்த்தி மரக்கதவருகே சற்று நின்று பார்த்துவிட்டுக் கிளம்புவார். பாதி வழியில் சைக்கிளை ஒரு கம்பத்தில் சாய்த்துப் படமெடுத்து, ‘கிரேட் ரைடு, டீம்!’ என்று போடுவார். டீம் கைதட்டும்.

இதனால் யாருக்கும் கெடுதல் இல்லாமல்தான் இருந்தது, தாமரைச்செல்வியின் கம்பெனி டெக்சஸுக்கு இடம்பெயரும்வரை. தாமரைச்செல்வி அவருடைய மனைவி. வேலையோடு அவரும் அங்குள்ள காப்பெல் என்ற ஊருக்குப் போனார். மகள் தென்றல் ஏற்கெனவே வேறொரு மாநிலத்தில் காலேஜில் இருந்தாள். பிளசன்டன் வீட்டில் நான்கு படுக்கையறைகளுக்கும் சேர்த்துத் திருமூர்த்தி ஒருவர்.

தாமரைச்செல்வி தினமும் போன் பண்ணுவார். “ஏனுங்க, இன்னைக்கும் தனியாவா சைக்கிள்ல போனீங்க?”

“சேச்சே, கும்பலா போனோம். ஒரே சிரிப்பு, கூத்து.”

“பேசாம இங்க வந்துருங்க. உங்க வேலைய எங்க உக்காந்து பண்ணா என்ன?”

“இத்தனை பேர விட்டுட்டு எப்படி வர்றது செல்வி? குரூப்பே என்னை நம்பி இருக்கு.”

மகளும் தன் பங்குக்கு, “அப்பா, ஜஸ்ட் கோ டு டெக்சஸ்,” என்றாள். திருமூர்த்தி போயிருக்கலாம். ஆனால் முதல் நாள் சொன்ன பொய்யை மறுநாள் திருத்தாதவர், ஒரு வருஷம் கழித்துத் திருத்துவது சுலபமில்லை. போனால் தனியாகக் கிடந்தேன் என்று ஒப்புக்கொண்டதாக ஆகும். இருந்தால் தனியாகக் கிடக்கவேண்டும். நடுவயதுத் தமிழ் ஆண்மகன் இரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பான் என்பது உலகறிந்தது.

கடைசியில் தாமரைச்செல்வி ஒரு முடிவோடு டிக்கெட் எடுத்தார். “இந்த வீக்கெண்ட் நான் வர்றேன். உங்க கூட்டத்தைப் பாக்குறேன். நாலு மனுஷங்க இருந்தா நீங்க அங்கயே இருங்க, நான் ஒண்ணும் சொல்லல. இல்லேன்னா வீட்டை வாடகைக்கு விட்டுட்டு என்கூட வந்துரணும். சரியா?”

“தாராளமா வா,” என்றார் திருமூர்த்தி.

நாலு மனிதர்கள். ஒரே ஒரு காலைக்கு. அவர் அறிவைக் கசக்கிக் குழுவில் ஓர் அறிவிப்புப் போட்டார்: ரைடு முடிகிற இடத்தில், திராட்சைத் தோட்டத்து ஓரத்தில், ஆர்டருக்குச் சமைத்துக் கொடுக்கும் ஷ்யாமளா ஆன்ட்டி கைப்பக்குவத்தில் இட்லி, மெதுவடை, சாம்பார். குடும்பத்துடன் வருக. கீழே, வடை கிடைக்கும் இடத்துக்கு மேப்பில் ஒரு புள்ளி. சைக்கிள் கிளம்பும் இடத்துக்கும் ஒரு புள்ளி போட்டிருக்கலாம். சிங்கங்களுக்கு மரக்கதவு தெரியும் என்று நினைத்துவிட்டார்.

சனிக்கிழமை காலை தாமரைச்செல்வி காரை எடுத்துக்கொண்டு ஷ்யாமளா ஆன்ட்டி வீட்டுக்குப் போனார். திருமூர்த்தி ஹெல்மெட்டும், பின்பக்கம் பஞ்சு வைத்த இறுக்கமான டிராயரும் அணிந்து மரக்கதவருகே நின்றார். இன்று யாராவது வந்தே தீருவார்கள். தூரத்தில் ஒரு சைக்கிள் வந்தது. வெள்ளைக்காரக் கிழவர். “குட் மார்னிங்,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வெயில் ஏறியது. திருமூர்த்தி பெடலை மிதித்தார். அன்று வான்கோழிகள்கூட வரவில்லை. அந்தப் பள்ளத்தாக்கில் அத்தனை மெதுவாக அவர் என்றைக்கும் ஓட்டியதில்லை. போய்ச் சேர்ந்தால் செல்வி தட்டு நிறைய இட்லியோடு தனியாக உட்கார்ந்திருப்பாள். என்ன சொல்வது என்று யோசித்தபடி கடைசி மேட்டில் ஏறினார்.

மேட்டின் மேலிருந்து பார்த்தால் கீழே போக்குவரத்து நெரிசல்.

திராட்சைத் தோட்டத்து பார்க்கிங்கில் இடமில்லாமல் மினிவேன்கள் சாலைவரை நின்றன. மடக்கு நாற்காலிகள், கூலர் பெட்டிகள், பிள்ளைகள், பிள்ளைகளின் தாத்தாக்கள். இரண்டு கார்களின் பின்னால் சைக்கிள்கள் கட்டிய கட்டு அவிழ்க்காமல் தொங்கின. கார் வராத பாதையைக் கொண்டாட அத்தனை பேரும் காரில் வந்திருந்தார்கள். ஆன்ட்டியின் வடை தாமதமானதால் தாமரைச்செல்வி வருவதற்கு முன்பே கூட்டம் கூடி, வரிசையும் நின்றுவிட்டது. அவர் கரண்டியும் கையுமாகப் பரிமாறிக்கொண்டிருந்தார். முகம் பூரித்திருந்தது.

“என்னங்க, நீங்கதான் கடைசியா?” என்றார் கணவரைப் பார்த்து.

திருமூர்த்தி வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் நின்ற சத்தியசீலன் முந்திக்கொண்டார். குழுவில் எல்லாவற்றுக்கும் முதலில் கட்டைவிரல் உயர்த்துபவர் அவர்தான். ரேஸ் வீரர் உடையில், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் வடை தின்றுகொண்டிருந்தார். “நாங்க எல்லாம் சாருக்கு முன்னாடியே வந்துட்டோம் மேடம்! ஆனா ஒண்ணு, சார் இல்லேன்னா இந்த குரூப்பே இல்ல. ஜெம் ஆஃப் எ பெர்சன்!”

“கொஞ்சம் வேகமா ஓட்டக் கூடாதா? எல்லாரும் உங்களுக்காக வெயிட் பண்றாங்க பாருங்க,” என்று செல்லமாகக் கடிந்துகொண்டு தாமரைச்செல்வி அடுத்த தட்டுக்குத் திரும்பினார்.

சத்தியசீலன் திருமூர்த்தியின் தோளில் கைபோட்டு ஓரமாக அழைத்துப்போனார். குரலைத் தணித்தார். “தப்பா எடுத்துக்காதீங்க சார், உங்க நேம் என்ன?”

“திருமூர்த்தி.”

“ஆங், கிருஷ்ணமூர்த்தி! முகம் நல்லா ஞாபகம் இருக்கு. அடுத்த தடவை பொங்கல் வெச்சிருங்க சார். வடை கொஞ்சம் ஆயில்.”

கூட்டம் சாப்பிட்டது, குரூப் போட்டோ எடுத்தது, போட்டோவை எடுக்கும் பொறுப்பைத் திருமூர்த்தியிடம் கொடுத்தது, பிறகு யார் முதலில் காரை வெளியே எடுப்பது என்று சத்தம் போட்டுவிட்டுக் கலைந்தது. சரளையின்மேல் ஒரு சிங்கமும் கால் வைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஓக்லண்ட் ஏர்போர்ட்டுக்குப் போகும் வழியில் தாமரைச்செல்வி சொன்னார். “நான்தாங்க தப்பா நினைச்சுட்டேன். உண்மையச் சொல்லட்டா? நீங்க சும்மா புளுகுறீங்கன்னே நினைச்சேன். தனியா கெடந்து வாடுறீங்களேன்னு கையோட கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன். உங்களுக்கும் சேர்த்து டிக்கெட்கூட பாத்து வெச்சிருந்தேன்.”

திருமூர்த்தி இண்டிகேட்டர் போட்டு லேன் மாற்றினார்.

“பேரைக்கூடச் சொல்லாம சார் சார்னு கூப்பிடுறாங்களே, எவ்வளவு மரியாதை! காப்பெல்ல எனக்கு இப்படி ஒரு ஆள் இல்ல. ஆபீஸ் விட்டா வீடு. நீங்க இங்கயே இருங்க, நான் இனிமே கேக்க மாட்டேன்.”

“செல்வி...” என்றார் திருமூர்த்தி.

“என்னங்க?”

சொல்லவேண்டியது ஒரு வாக்கியம்தான். ஃப்ரீவேயிலிருந்து இறங்கவேண்டிய எக்ஸிட் வந்துவிட்டது.

“ஐடி கார்டை எடுத்து வெச்சுக்கோ,” என்றார்.

இவ்வாறாக அவர் வென்றார். பெட்டியை இறக்கிக் கொடுத்துவிட்டு நேராக லிவர்மோர் வந்தார். சைக்கிள் காரிலேயே இருந்தது. பாதையில் நேற்றைய காகிதத் தட்டு ஒன்று காற்றில் பறந்து வந்து திராட்சைக் கொடியில் மாட்டியிருந்தது. அதை எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, ஆற்றோரமாக நெடுந்தூரம் போனார். ஒரு சிக்கமோர் நிழலில் நின்றபோது போன் அடித்தது.

“லேண்ட் ஆயிட்டேங்க. எங்க இருக்கீங்க?”

“ரைடுல.”

“இன்னைக்குமா? பரவால்லையே! சத்தமே காணோம்? யார்கிட்டயாவது குடுங்க, நேத்து நல்லாப் பேசினாங்க, சும்மா ஒரு ஹலோ சொல்லிடறேன்.”

திருமூர்த்தி பாதையை முன்னும் பின்னும் பார்த்தார்.

“எல்லாரும் முன்னாடி போயிட்டாங்க.”

“ஐயையோ, அப்ப வெச்சிடறேன். சீக்கிரம் போங்க, விட்டுட்டுப் போயிடப் போறாங்க!”

“சரி,” என்று போனைப் பையில் போட்டார். சைக்கிளில் ஏறினார். பிறகு, ஹேண்டில்மேல் குனிந்து, மூச்சு வாங்க வாங்க, வேகமாக மிதிக்கத் தொடங்கினார்.