ஆர்கானிலும் வந்த நீலம்

என் ஆராய்ச்சிக் கைடு குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. பொய் எழுதச் சொன்ன அன்றுகூட மரியாதையாகத்தான் சொன்னார்.

கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தேன். காற்றிலுள்ள நைட்ரஜனைத் தண்ணீரும் கரண்டும் வைத்தே அம்மோனியாவாக்கும் வினையூக்கி செய்வது என் வேலை. அம்மோனியா இருந்தால்தான் யூரியா. தாராபுரம் பக்கம் வெங்காயம் போடும் அப்பா, போன் செய்யும்போதெல்லாம், "காத்துல உரம் வந்துச்சா கண்ணு?" என்பார்.

மூன்றாம் வருடத்தில் அம்மோனியா வந்தது. வினையூக்கியாக நான் செய்த கரும்பொடியை மின்முனையில் தடவி, நைட்ரஜன் விட்டு, இரண்டு மணி நேரம் கரண்ட் கொடுத்தேன். கரைசலில் சோதனை மருந்து சேர்த்ததும் அடர்நீலம். நீலம் என்றால் அம்மோனியா. கைடு எல்லோருக்கும் மைசூர்பா வாங்கி வந்தார். "வந்துருச்சுங்கப்பா" என்று போனில் கத்தினேன்.

கட்டுரை எழுதும்போது, செய்யாமல் விட்ட ஒரு சோதனை உறுத்தியது. நைட்ரஜனுக்குப் பதில் ஆர்கான் வாயுவை விட வேண்டும். அதில் நைட்ரஜன் இல்லை, அப்போது அம்மோனியா வரவே கூடாது. விட்டேன். அதே நீலம். மூன்று முறை செய்தும் அதே நீலம். பொடியைத் திரும்பத் திரும்பக் கழுவியபோதுதான் நிறம் போனது. பொடி செய்யப் போட்ட நைட்ரேட் உப்பு உள்ளேயே தங்கி அம்மோனியா ஆகியிருக்கிறது. காற்றிலிருந்து ஒன்றுமே வரவில்லை.

கைடிடம் நோட்டைக் காட்டினேன்.

"ஆர்கான் டேட்டாவை விட்டுருங்க அம்மணி. யாரு கேக்கப் போறாங்க?"

"நான் கேக்கறேனுங்க சார்."

"எல்லாரும் இப்படித்தானுங்க போடறாங்க. போய் டீ குடிச்சுப்போட்டு வாங்க, பேசலாம்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். திட்டியிருந்தால் திருப்பிக் கத்தியிருப்பேன். அந்தச் சிரிப்பை என்ன செய்வது?

அடுத்த வாரம், என் பெயரையும் சேர்த்து, ஆர்கான் சோதனை இல்லாமல் கட்டுரையை அனுப்பிவிட்டார். ஆய்வுப் பத்திரிகையிலிருந்து வந்த மெயிலைப் பார்த்துத்தான் எனக்கே தெரியும். அன்று மதியமே மூன்று சோதனைகளையும் இணைத்துப் பத்திரிகை ஆசிரியருக்கு எழுதினேன். கட்டுரை நின்றது. என் மேசையும் அந்த லேபிலிருந்து வெளியே போனது. வேறு கைடு கிடைக்க எட்டு மாதம் ஆனது.

என் மேலும் ஆத்திரம்தான். ஆர்கான் சிலிண்டர் அந்த அறை மூலையிலேயே ஒரு வருடம் நின்றது. நீலம் போய்விடுமோ என்று நானும்தான் அதைத் தொடவில்லை.

அப்பாவிடம் போனில் சொன்னபோது கூட்டுறவு சொசைட்டியில் யூரியாவுக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தார்.

"அது பொய்யுங்கப்பா. உப்புல இருந்து வந்தது."

"செரி கண்ணு, லைன் நகருது. வெச்சுடறேன்."

இப்போது நைட்ரேட் தொடாமல் பொடி செய்கிறேன். பின்னால் வெள்ளைத்தாளை வைத்துப் பார்த்தால்தான் தெரியும் அளவுக்கு வெளிறிய நீலம் வருகிறது. ஆர்கானில் வருவதில்லை. பழைய கைடு போன மாதம் அந்தக் கரும்பொடியையே வேறொரு பத்திரிகையில் போட்டுவிட்டார், வேறொரு மாணவி பெயரோடு. ஆர்கான் பற்றி ஒரு வரி இல்லை. அந்தப் பெண்ணை எனக்குத் தெரியாது. முதல் மெயிலை அவளுக்குத்தான் எழுதினேன். அந்த நீலம் உப்பிலிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரிய வேண்டும். பத்திரிகைக்கு இரண்டாவது.