இண்டூரிலிருந்து வந்த போன்

எங்கள் குடும்பத்தில் கல்யாணப் பத்திரிகை வந்தால் யாரும் மாப்பிள்ளை, பெண் பெயரை முதலில் படிக்க மாட்டார்கள். நேராகக் கடைசிக்குப் போவார்கள். அங்கேதான் ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ என்று போட்டு, சொந்தக்காரர்களின் பெயர்களைப் பொடி எழுத்தில் வரிசையாக அச்சடித்திருப்பார்கள். நம் பெயர் இருக்கிறதா, யாருக்கு மேலே, யாருக்குக் கீழே என்று பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம். என் அக்காவின் கணவர், பெயர் விட்டுப்போன ஒரு பத்திரிகைக்காகப் பங்காளி வீட்டோடு பேச்சையே நிறுத்திக்கொண்டவர். அவர் காலமான பிறகு அக்காவுக்கு அந்த ரோஷம் இன்னும் கூடிவிட்டது. போன மனுஷன்தானே என்று பெயரை விட்டுவிடுவார்களோ என்று பயம்.

திருடர்களுக்கு இதெல்லாம் தெரியுமோ தெரியாதோ, கடத்தூரில் இருக்கும் என் அக்காவை ஏமாற்ற இதைவிட நல்ல வழி கிடையாது.

அப்போது அவள் மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். முப்பதைத் தாண்டிய பெண், தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். வந்தவர்களெல்லாம் காபியைக் குடித்துவிட்டு, ஜாதகத்தில் ஏதோ இடிக்கிறது என்று சொல்லிப் போனார்கள். அவர்கள் போன பிறகு அவள் பட்டுப்புடவையை மடித்துப் பீரோவில் வைப்பாள். அப்போது அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வராது.

கடைசியாக இண்டூரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. தரகர் யாரும் இல்லை, போனில் வரன் குரூப் ஒன்றில் போட்டோ பார்த்து நேராகப் பேசி வந்தவர்கள். பையனுக்கு ஓசூரில் கம்பெனி வேலை. அவன் எழுந்து சமையலறை வரைக்கும் வந்து, “கொஞ்சம் தண்ணி குடுங்க” என்று அவளிடமே கேட்டு வாங்கிக் குடித்தான். அவர்கள் போனதும் அவள் தனக்குள் சிரித்துக்கொண்டே அந்த டம்ளரைக் கழுவினாள். எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. பையனின் அம்மா கிளம்பும்போது அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, “வூட்டுல பெரியவங்ககிட்ட ஒரு வார்த்த கலந்துக்கிட்டு நானே போன் பண்றேங்க” என்றார்.

அந்த வாரமே பங்காளி ஒருவரின் எண்ணிலிருந்து அக்காவின் போனுக்குத் திருமண அழைப்பிதழ் என்று ஒன்று வந்தது. பிள்ளையார் படம்கூட இருந்தது. வெற்றிலை பாக்கு வைத்து நேரில் அழைக்காமல் போனில் அனுப்புகிறானே என்று அக்காவுக்கு முதலில் கோபம். ஆனாலும் பெயர் போட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டுமே! தொட்டாள். எதையோ இன்ஸ்டால் செய்யட்டுமா என்று கேட்டது, சரி என்றாள். மெசேஜ்களைப் படிக்கட்டுமா என்றது, அதற்கும் சரி. கேட்டதற்கெல்லாம் சரி கொடுத்தாள். பத்திரிகை மட்டும் திறக்கவே இல்லை. போன் பழசாகிவிட்டது என்று நினைத்துத் தூங்கிவிட்டாள்.

காலையில் பாங்கில் ஒன்றும் இல்லை. மகள் கல்யாணத்துக்கென்று தொடாமல் வைத்திருந்தது எல்லாம் போய்விட்டது. அது போதாதென்று, அதே பத்திரிகை அக்காவின் எண்ணிலிருந்து அவள் போனில் இருந்த அத்தனை பேருக்கும் போயிருந்தது. “பொண்ணுக்குக் கல்யாணமாமே, எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?” என்று சொந்தமெல்லாம் சண்டைக்கு வந்தது. இண்டூர் அம்மாவுக்கும் போயிருந்தது. பெண் பார்த்துவிட்டுப் போன வீட்டிலிருந்து கல்யாணப் பத்திரிகை வந்தால் அவர்கள் என்ன நினைப்பார்கள்?

போலீசில் எழுதிக் கொடுத்தோம். அங்கிருந்த பெண் போலீஸ் பொறுமையாகச் சொன்னார்: “பத்திரிகைன்னா படமா வரும்மா. எதையாவது இன்ஸ்டால் பண்ணச் சொன்னா அது பத்திரிகையே கெடையாது. தெரிஞ்சவங்க நம்பரா இருந்தாலும், அனுப்புனது நீங்கதானான்னு ஒரு போன் போட்டுக் கேட்டுட்டுத் தொடுங்க. இப்ப உங்க போன்ல இருந்த பேரு, ஊரு எல்லாம் அவனுங்க கையில. இனிமே சொந்தக்காரங்க மாதிரியே பேசுவானுங்க, ஜாக்கிரதை.”

மகள் எல்லோருக்கும் நடந்ததை எழுதி அனுப்பினாள். இண்டூர் எண்ணுக்கு மட்டும் போய்ச் சேரவில்லை. அந்த எண்ணில் இருந்த போட்டோவும் மறைந்துவிட்டது. நம்மை வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டார்கள் என்று அக்கா முடிவு கட்டினாள்.

“நேர்ல போய்ச் சொல்லிட்டு வந்துடலாம்க்கா. பஸ் ஏறினா ஆச்சு” என்றேன்.

“பொண்ணு வூட்டுக்காரங்க நாமளா போயி அவங்க வாசல்ல நிக்கறதா? அப்பறம் எம்பொண்ணுக்கு அங்க என்னடி மரியாத இருக்கும்? புடிச்சிருந்தா அவங்க கூப்புடுவாங்க. நீ சும்மா இரு.”

எங்கள் பக்கத்தில் அப்படித்தான். சம்மதம் சொல்ல வேண்டியது மாப்பிள்ளை வீடு. அதுவரை பெண் வீடு வாயைத் திறக்கக் கூடாது. இந்த மரியாதையைக் கண்டுபிடித்த புண்ணியவான் என் கையில் கிடைத்தால் நன்றாக நாலு கேள்வி கேட்பேன்.

அதன் பிறகு மகள் அம்மாவுக்கே டீச்சர் ஆனாள். “தெரியாத நம்பர எடுக்காத. தப்பித் தவறி எடுத்துட்டா ஒரு வார்த்த பேசாத. கட் பண்ணிட்டு எங்கிட்ட குடு.” பள்ளி விட்டு வந்ததும் அந்த எண்களை எல்லாம் பிளாக் செய்வாள். அக்கா நல்ல மாணவி. எனக்குப் போன் போட்டுப் பெருமையடிப்பாள்.

“இன்னிக்கி ஒருத்தன் பொம்பள கொரல்லயே பேசறான்டி. இண்டூர்ல இருந்து பேசறேன், நல்லாருக்கீங்களாங்கறான். ஊரு பேரக்கூடத் தெரிஞ்சு வெச்சிருக்கான் பாரு திருட்டுப்பய. பட்டுனு கட் பண்ணிட்டேன். பாப்பா வந்ததும் பிளாக் பண்ணிட்டா.”

அவர்கள் எண்ணாக இருந்தால் ‘மாப்பிள்ளை வீடு’ என்று போனில் காட்டியிருக்குமே. போலீஸ் சொன்னதும் இதைத்தானே. நாங்கள் இருவரும் சிரித்தோம்.

ஆரம்பத்தில் போன் அடித்தால் மகள் விடைத்தாளிலிருந்து தலையைத் தூக்கிப் பார்ப்பாள். பிறகு அதையும் விட்டுவிட்டாள்.

சில மாதங்கள் கழித்து, தருமபுரியில் ஒரு கல்யாண மண்டபத்தில் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்றார் இண்டூர் அம்மா. முகத்தில் கோபம் இல்லை, வருத்தம்தான்.

“நீங்க கடத்தூர் பொண்ணோட சித்திதானே? புடிக்கலன்னா ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்லீங்க? அந்தப் பத்திரிகையத் தொட்டு எங்க பணமும் போச்சு. போலீசுல கேட்ட பிறகுதான் உங்க மேல தப்பில்லன்னு வெளங்குச்சு. பயந்துக்கிட்டு போனு, நம்பரு எல்லாத்தையும் மாத்திட்டு, மொதல்ல உங்க அக்காவுக்குத்தான் பண்ணேன். எம்பையன் கட்டுனா அந்தப் பொண்ணுதான்னு இருந்தான். பேர் சொல்றதுக்குள்ள கட் பண்ணிட்டாங்க. மறுபடி பண்ணா போகவே இல்ல. அதுக்கு மேல எப்பிடிங்க உங்க வாசல்ல வந்து நிக்கறது?”

அவர்களுக்கும் ஒரு வாசல் இருந்திருக்கிறது. நான் நடந்ததைச் சொன்னேன். அவர் ஈரக் கையைத் துடைக்காமல் அப்படியே ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். “ஐயோ சாமி! போன வாரந்தானுங்க அவனுக்கு வேற எடத்துல நிச்சயம் முடிஞ்சுது” என்றார். அழுகையாக வந்தது எனக்கு. கிளம்பும்போது தன் புது எண்ணைக் கொடுத்தார். “அக்காகிட்ட ஒருவாட்டி பேசணும். எடுக்கச் சொல்லுங்க.”

மறுநாள் கடத்தூர் போய்ச் சொன்னேன். அக்கா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். மகள் சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள். அம்மாவின் போனை எடுத்து, என் போனைப் பார்த்து அந்த எண்ணை அடித்தாள். பிளாக் செய்யப்பட்ட எண் என்று காட்டியது. அவள் கையால் போட்ட பிளாக். பிறகு பிளாக்கை எடுத்துவிட்டாள்.

“அவங்க பண்ணா எடுத்துப் பேசும்மா. பாவம்” என்றாள்.

அக்காவின் போனில் யாருக்கும் பெயர் கிடையாது, முறைதான். பெரிய நாத்தனார், சின்ன மாமா, தங்கச்சி. மகள் பெயர் எழுதும் இடத்தில் விரலை வைத்தபடி நிமிர்ந்தாள்.

“என்னன்னு போட்டு சேவ் பண்றதும்மா?”

அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.