கடல் பக்கத் தண்டவாளம்

அன்று காலை மிஷின் பக்கத்தில் இருந்தது மூன்று பேர். நான், அம்மா, வள்ளக்கார அண்ணாச்சி. அப்பா இல்லை. ஹார்பரில் கப்பலிலிருந்து மரத்தடி இறக்கும் வேலைக்குப் போயிருந்தார், இரண்டு மணிக்கு மேல்தான் வருவார். அண்ணாச்சியின் புது மீன்பிடி வள்ளத்தைக் கட்டுகிற ஓடாவியும் வரவில்லை. அப்பா மட்டும் அங்கே நின்றிருந்தால் எனக்கு இரண்டு நாள் மிச்சமாகியிருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

எங்களிடம் இருப்பது இடத்துக்கு இடம் இழுத்துக்கொண்டு போகிற மர அறுவை மிஷின். தரையில் இரண்டு இரும்புத் தண்டவாளம், நடுவே தடியைக் கிடத்தக் குறுக்குச் சட்டங்கள். தண்டவாளத்தின் மேல் நாலு உருளையில் ஓடுகிற தலைப்பாகம். இன்ஜின், இரண்டு பெரிய சக்கரம், அவற்றைச் சுற்றி வளையமாக ஓடும் பிளேடு எல்லாம் அதில்தான். பெரிய மில்லில் தடியை ரம்பத்திடம் தள்ளுவார்கள். எங்களிடம் தடி சும்மா கிடக்கும், ரம்பம் அதைத் தேடி நடந்து வரும்.

ஒன்றரை வருஷமாக அதில் அறுத்ததெல்லாம் பெட்டிப் பலகையும், ஹார்பரில் சரக்குக்கு அடியில் கொடுக்கும் கட்டையும்தான். அதில் இரண்டு மில்லி முன்னே பின்னே இருந்தால் கேட்க ஆள் இல்லை. வள்ளத்துக்குப் பலகை வேண்டும் என்று வந்த முதல் ஆள் இந்த அண்ணாச்சி. நாகர்கோவில் பக்கம் இரண்டு மாதம் அலைந்து ஒரே ஒரு அயினித் தடி பிடித்திருந்தார். இருபது அடி நீளம், ஒரு முடிச்சு கிடையாது. அதைக் கெடுத்தால் அதற்கு மாற்று இல்லை. அதனால் முதலில் ஒரு வேப்பந்தடியைக் கொண்டுவந்து போட்டு, "இத அறு தம்பி, பாப்போம்" என்றார்.

அறுத்தேன். நாலு பலகை. அண்ணாச்சி ஒன்றைத் தூக்கி, ஒரு கண்ணை மூடி, விளிம்போடு பார்வையை ஓட்டினார்.

"என்ன தம்பி, கொண்டல் காத்துல கடலப் பாத்த மாதிரில்லா இருக்கு?"

வெர்னியரை எடுத்து ஒவ்வொரு அடிக்கும் தடிமனை அளந்தேன். முப்பத்திரண்டு மில்லி. எங்கே வைத்தாலும் முப்பத்திரண்டு.

"தடிமன் சரியாத்தானே இருக்கு, அண்ணாச்சி."

"பாம்புக்குந்தான் தடிமன் சரியா இருக்கு. நேரா போகுதா?"

அம்மா சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு விளிம்பு ஒழுங்காக இருந்தது, மறு விளிம்பு ஏறி இறங்கியது. வள்ளத்தில் ஒரு பலகையோடு அடுத்த பலகை இடைவெளி இல்லாமல் உட்கார வேண்டும். இப்படி நெளிந்தால் தண்ணீர் அந்த வழியாகத்தான் உள்ளே வரும்.

"புதன் சாயங்காலம் வரைக்கும் பாக்கேன்" என்றார் அண்ணாச்சி. "சரியா வரலேன்னா தடிய டவுன் மில்லுக்குக் கொண்டு போயிருதேன். கோவிச்சுக்கிடாத. ஓடாவி இப்பமே சொல்லுதாரு, பெட்டிப் பலகை அறுக்குற மிஷின்ல வள்ளத்துக்கு அறுக்கியான்னு."

அன்று திங்கள்கிழமை. அண்ணாச்சி போனதும் பிளேடைக் கழற்றினேன். மழுங்கின பிளேடு அலையும் என்று படித்திருந்தேன். பஜாருக்குப் போய்ப் புதுசு ஒன்று வாங்கி மாட்டினேன். இறுக்கம் பார்த்தேன். சக்கரத்தின் விளிம்பில் பல் எவ்வளவு வெளியே நிற்க வேண்டுமோ அவ்வளவு நிறுத்தினேன். பிளேடை இரண்டு பக்கமும் தாங்கிப் பிடிக்கிற உருளைகளைக் கையால் சுற்றிப் பார்த்தபோது ஒன்றில் லேசாகக் கரகரப்பு. இதுதான், பிடித்துவிட்டேன் என்று இரண்டுக்குமே பேரிங் மாற்றினேன். மிஷினோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை வீட்டில் நான் ஒருத்தன்தான் வாசிப்பேன். அம்மா தண்ணீர் கொண்டுவரும்போதெல்லாம், "புக்குல என்ன போட்டிருக்கு?" என்று கேட்டாள். அதில் போட்டபடிதான் எல்லாம் செய்துகொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை எங்கள் சொந்த மரம் ஒன்றைப் போட்டேன். அதே நெளிவு. பிளேடே மட்டமாக இருக்குமோ என்று வேறு கம்பெனி பிளேடு இன்னொன்று வாங்கினேன். அதே நெளிவு. டியூபில் தண்ணீர் விட்டுத் தண்டவாளத்தின் நாலு மூலையிலும் மட்டம் பார்த்தேன். ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லை. தண்டவாளத்தை மேற்கொண்டு பார்க்கவில்லை. மிஷின் வந்த புதிதில் நூல் பிடித்துப் பார்த்தாயிற்று, இரும்பு வளையவா போகிறது என்று விட்டுவிட்டேன்.

அப்பா வந்து ஒரு ஓரமாக நின்று பார்த்தார். ஷிப்ட் முடிந்து வந்த களைப்பு முகத்தில் இருந்தது. "என்னல ஆச்சு?" என்றார்.

"பிளேடுல ஏதோ கோளாறு. நான் பாத்துக்கிடுதேன்பா."

இவ்வளவு சொன்னேன். பலகை எப்படி நெளிகிறது, எந்தப் பக்கம் நெளிகிறது என்று சொல்லவில்லை. இந்த மிஷினை வாங்கலாம் என்று வீட்டில் அடம்பிடித்தது நான். இரண்டு வருஷம் பாலிடெக்னிக் பஸ்ஸில் தொங்கிப் போய்ப் படித்ததற்கு இதாவது தெரிய வேண்டாமா என்று எனக்குள் ஒரு வீம்பு.

புதன்கிழமை காலை அம்மாதான் பலகைகளை அடுக்கினாள். வேம்பு, எங்கள் மரம் எல்லாம் சேர்ந்து பதினொன்றோ பன்னிரண்டோ இருக்கும். அடுக்கி முடித்துவிட்டு, "ஏலே, இங்கன வா" என்றாள்.

"என்னம்மா, வேலையா இருக்கேன்."

"கோணப் பலகைய அடுக்குனா ஊடால இடுக்கு விழணும்லா. இதுல ஒரு சீட்டு நொழையாது பாரு. தொப்பைக்கு மேலயே தொப்பை உக்காருது. எல்லாத்துக்கும் ஒரே எடத்துல எப்பிடில தொப்பை விழும்?"

போய்ப் பார்த்தேன். எல்லாப் பலகையிலும் ஒரே முனையிலிருந்து ஏழடியில் ஒரு மேடு, பத்தடியில் பள்ளம், பன்னிரண்டில் மறுபடி மேடு. வேம்பிலும் அங்கேதான், எங்கள் மரத்திலும் அங்கேதான். தடியை எப்போதும் ஒரே முளையில் முட்டக் கொடுத்துத்தான் கிடத்துவோம். பிளேடு தானாக அலைந்தால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு இடத்தில் அலையும், தடிமனும் மாறும். இங்கே ஒவ்வொரு அறுப்பும் ஒரே மாதிரி ஏறி, ஒரே மாதிரி இறங்கியிருக்கிறது. அதனால்தான் வெர்னியருக்குத் தெரியவில்லை.

மிச்சமிருந்த தடியில் ஒரு அறுப்பு ஓட்டினேன். பிறகு தடியை இரண்டடி முன்னால் தள்ளிவைத்து அடுத்ததை அறுத்தேன். அந்தப் பலகையை அளந்தால் ஓரிடத்தில் முப்பத்தி நாலு, ஓரிடத்தில் முப்பது. அப்படியென்றால் கோளாறு தலையில் இல்லை. தலை நடந்து வருகிற பாதையில்.

அண்ணாச்சி விட்டுப்போன சாமான்களோடு தங்கூசி ஒரு சுருள் கிடந்தது. மீன் பிடிக்கிற அந்த நரம்பைத் தண்டவாளத்தின் இரண்டு முனையிலும் ஒரே உயரத்துக்கு ஆணி வைத்து இழுத்துக் கட்டி, தரையில் படுத்துப் பார்த்தேன். கரைப் பக்கத் தண்டவாளம் நரம்போடு நேராகப் போனது. கடல் பக்கத்தில் இரண்டு இடத்தில் இரும்பு நரம்பைத் தொட்டது, நடுவில் விரல் நகம் போகிற அளவு வெளிச்சம். நகத்தால் சுரண்டினேன். இரும்பு வரவில்லை. கறுப்பாகப் பெயிண்ட் வந்தது.

எனக்கு அப்போதே எல்லாம் விளங்கிவிட்டது. போன ஆயுதபூஜைக்கு முந்தின வாரம் அப்பா மிஷினுக்குப் பெயிண்ட் அடித்தார். எங்கள் கரையில் இரும்பென்றால் பெயிண்ட் அடிக்காமல் விடமாட்டார்கள். உப்புக்காற்று ஆறு மாதத்தில் தின்றுவிடும். விசைப்படகின் அடியில் பூசுகிற, இரண்டு டப்பாவைக் கலந்து அடிக்கிற பெயிண்டை யாரோ மிச்சம் கொடுத்தார்கள். காய்ந்தால் அது கல் மாதிரி. தண்டவாளத்துக்கும் பூசினார்.

இரண்டு மணிக்கு அப்பா வந்ததும் கேட்டேன். "கடல் பக்கத் தண்டவாளத்துக்கு எத்தன கோட்டு அடிச்சீங்க?"

"கரைப் பக்கம் ரெண்டு. கடல் பக்கம் அஞ்சு."

"அஞ்சா?"

"நீதானல சொன்ன. காத்து மோதுற பக்கம் துரு சாஸ்தியாப் பிடிக்கும், அங்க கூட மூணு கோட்டு அடிங்க, காலேஜ்ல சொல்லித் தந்தாங்கன்னு."

சொன்னேன்தான். அவர் பிரஷ் பிடித்தபோது பக்கத்தில் நின்று, இங்கே விட்டுப்போச்சு, அங்கே விட்டுப்போச்சு என்று கைகாட்டினதும் நான்தான். திரள் திரளாக வழிந்து காய்ந்ததில் உருளை ஓடி ஓடிச் சில இடம் பெயர்ந்துவிட்டது, சில இடம் மேடாகவே நின்றுவிட்டது.

"ஏளா" என்று அம்மாவைக் கூப்பிட்டார் அப்பா. "ஒன் மவன் மூணு நாளா யாரத் தேடுதான்னு பாத்தியா? அவனையேதான் தேடியிருக்கான்."

"நீங்க மட்டும் என்ன? ஓடுற பாதையில யாராவது பெயிண்ட் அடிப்பாவளா?"

"இன்ஜினியர் சொன்னா அடிக்க வேண்டியதுதான."

சொல்லிக்கொண்டே சட்டையைக் கழற்றிவிட்டு அவரே கிரைண்டரை எடுத்தார். நான் இன்னொரு பக்கம் பிடித்துக்கொண்டேன். கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு, இரும்பைத் தின்னாமல் பெயிண்டை மட்டும் எடுக்க வேண்டும். இரண்டடி தேய்ப்பதும், தங்கூசியை இழுத்துப் பார்ப்பதும், மறுபடி தேய்ப்பதுமாகப் போனது. தண்டவாளம் வெள்ளி மாதிரி வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. அண்ணாச்சி பைக்கை நிறுத்திவிட்டு வந்து, நாங்கள் இரண்டு பேரும் கறுப்புத் தூசியில் நின்ற கோலத்தைப் பார்த்தார்.

"மிஷின் எங்க தம்பி, ரெண்டு பேரும் கரி மூட்டம் போட்டியளா?"

எதுவும் ஒளிக்காமல் சொன்னேன். பிறகு அவர் கண்ணெதிரே ஒரு பலகை அறுத்தேன். அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் பலகையைத் திருப்பிப் போட்டு மறுபடி பார்த்தார்.

"காலைல தடி வருது" என்றார்.

வியாழக்கிழமை அயினித் தடி டிராக்டரில் வந்தது. கூடவே ஓடாவியும் வந்தார். முதல் அறுப்பில் அடியை எண்ணிக்கொண்டே தலையைத் தள்ளி நடந்தேன். ஏழடியைத் தாண்டினேன். பத்தைத் தாண்டினேன். பிளேடின் சத்தம் மாறவே இல்லை. மஞ்சள் தூள் ஒரே சீராகக் கொட்டியது. அண்ணாச்சி கழுத்துச் சிலுவையைப் பிடித்தபடி நின்றிருந்தார், கடைசி அடி வந்தபிறகுதான் விட்டார்.

பத்துப் பலகை. ஓடாவி இரண்டு பலகையை விளிம்போடு விளிம்பு சேர்த்து வைத்து, குனிந்து மறுபக்க வெளிச்சத்தைத் தேடினார். கிடைக்கவில்லை.

"மேல் பலகைக்கும் தடி வருது. அதையும் இங்கனயே அறுத்துக்கிடுவோம்" என்று அண்ணாச்சியிடம் சொன்னார். என்னிடம், "தண்டவாளத்துல இனி பெயிண்ட் அடிச்சிராதிய" என்றார். சாயங்காலமானால் எண்ணெய்த் துணியால் துடைத்து வைக்கிறோம் என்று அப்பா அவசரமாகச் சொன்னார். அந்த யோசனை அவருடையதுதான்.

டிராக்டர் போன பிறகு எவ்வளவு செலவாச்சு என்று அம்மா கேட்டாள். வேண்டாத பிளேடு இரண்டு, மூவாயிரத்து எழுநூறு. கெடாத ஒன்றையும் சேர்த்து மாற்றின பேரிங் இரண்டு, அறுநூற்று நாற்பது. உண்மையில் வேலை செய்த கிரைண்டர் டிஸ்க் நாலு, முந்நூற்று எண்பது. ஆக மொத்தம் நாலாயிரத்து எழுநூற்று இருபது ரூபாய்.