நீட்டிப் படுக்க ஒரு கரண்ட் வண்டி

செருப்பைக் கழற்றிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் விடுகிறார். தோளில் கிடக்கும் துண்டை உதறி வண்டித் தொட்டியில் விரிக்கிறார். ஏறி, மல்லாந்து படுத்துக்கொள்கிறார் மாணிக்கவாசகம். கைகள் இரண்டும் உடம்போடு ஒட்டியிருக்க, கால் கட்டைவிரல்கள் ஒன்றையொன்று தொட்டபடி, கண்ணையும் மூடிக்கொள்கிறார். மைசூரின் ஹுன்சூர் சாலை ஷோரூமில் கழுத்துப்பட்டை கட்டிய விற்பனை ஆட்களுக்குப் பதறிப்போகிறது. “சார், சார், இது டிஸ்ப்ளே வண்டி சார்!” அவர் அசைவதில்லை. கண்ணைத் திறக்காமலே கேட்கிறார்: “காலு இடிக்குதாங்க? தலமாட்டுல வெளக்கு வெக்க எடமிருக்குதா, பாத்துச் சொல்லுங்க.”

மின்சாரச் சரக்கு வண்டி வாங்க வருகிறவர்கள் எதையெதையோ கேட்பார்கள். எத்தனை மூட்டை ஏறும், ஒரு தடவை சார்ஜ் போட்டால் எவ்வளவு தூரம் ஓடும், பேட்டரிக்கு எத்தனை வருஷம் உத்தரவாதம் என்று விசாரிப்பார்கள். மாணிக்கவாசகத்துக்கு அந்தக் கவலை எதுவும் இல்லை. அவர் ஓட்டுவது இறுதி யாத்திரை வண்டி. ஊர் அதைச் ‘சாவு வண்டி’ என்கிறது. அந்தச் சொல் காதில் விழுந்தால் போதும், மனுஷனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். “சாவு என்ன வண்டியிலயா வருது? அது நடந்தே வந்து சேந்துருதுங்க. வண்டியில போறது மனுசன்!”

ராமாபுரத்துக்காரர். கட்டட வேலைக்கு மணல் லாரி ஓட்ட மைசூருக்கு வந்தவர், மேட்டகள்ளிப் பக்கம் தொழிலாளர் காலனியில் குடியேறி இங்கேயே தங்கிவிட்டார். காலனியில் யார் கண்ணை மூடினாலும் முதல் போன் அவருக்குத்தான் வரும். ஆள் ஏறியிருக்கும்போது ஹார்ன் அடிக்க மாட்டார். வேகத்தடை வந்தால் வண்டியைச் சாய்வாகத் திருப்பி, ஒவ்வொரு சக்கரமாகப் பூனை மாதிரி இறக்குவார். டாஷ்போர்டுப் பெட்டிக்குள் கற்பூரம், தீப்பெட்டி, ஊக்கு, நெற்றியில் வைக்க ஒற்றை ரூபாய் எல்லாம் தயாராக இருக்கும். துக்கத்தில் இருக்கிறவர்கள் எதையாவது மறந்துவிடுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். அழுகிற வீட்டில் போய் ‘ஊக்கு இருக்கா’ என்று கேட்க அவருக்கு மனசு வராது.

இத்தனையும் செய்கிற மனுஷனுக்கு ஊர் என்ன மரியாதை கொடுக்கிறது? அதைக் கேட்டால் நமக்கே பற்றிக்கொண்டு வரும். தேவராஜ மொஹல்லாவில் ஒரு டீக்கடை. காலையில் அங்கே போய் வண்டியை நிறுத்தினால், கடைக்காரர் பாத்திரத்தைக்கூடக் கீழே வைக்காமல் கையை ஆட்டுவார். “அண்ணா, போனி ஆகட்டும்ணா. வண்டிய ஸ்வல்பம் முந்தே, கொஞ்சம் தள்ளிப் போடுங்க.” அந்தக் கடைக்காரரின் அப்பாவைப் போன ஆடியில் கொண்டுபோய்ச் சேர்த்தது இதே வண்டிதான். அன்றைக்கு “நீங்கதாண்ணா எங்களுக்குத் தெய்வம்” என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். தெய்வத்துக்கு இன்றைக்கு ஒரு டீ கிடையாது. “அவிங்கப்பன மடியில போட்டுக் கொண்டுபோறாப்புலக் கொண்டுபோனேன். இப்ப என் வண்டி நெழலு பட்டா அவன் பாலு திரிஞ்சு போயிருமாமா!” என்று மாணிக்கவாசகம் பொருமுவார். பொருமிவிட்டு நாலு கடை தள்ளிப்போய்க் குடிப்பார். அங்கேயும் இவருக்கு மட்டும் காகிதக் கோப்பைதான்.

இப்படிப்பட்டவருக்குத் திடீரென்று எதற்குக் கரண்ட் வண்டி ஆசை? அதற்குக் காரணம் அவருடைய அக்காள் பாப்பாத்தி. காலனியில் எந்த வீட்டில் துக்கம் என்றாலும் ஒப்பாரியை எடுத்துக்கொடுப்பது பாப்பாத்திதான். வந்தவுடன் அழ மாட்டார். தலைமாட்டில் போய் நிற்பார், கொண்டை ஊசியை உருவிப் பல்லில் கடித்துக்கொள்வார், கொண்டையை அவிழ்ப்பார். அவ்வளவுதான், தெரு அடங்கிவிடும். அடுத்து வருவது என்னவென்று தெரிந்த பெண்கள் முந்தானையை வாய்க்குக் கொண்டுபோவார்கள். வண்டி கிளம்பினால் தெருமுனை வரைக்கும் அதன் பின்னாலேயே பாடிக்கொண்டு நடப்பார்.

பிரச்சினையே அங்கேதான். தம்பியின் டீசல் வண்டி முதல் கியரில் நடைவேகத்தில் உறுமிக்கொண்டு போகும். கறுப்புப் புகை நேராக அக்காள் முகத்தில் வந்து அடிக்கும். கொத்தனார் மல்லப்பன் இறந்த அன்று, அவருடைய மகளின் பெயரைச் சொல்லிப் பாடிக்கொண்டிருந்த இடத்தில் பாப்பாத்திக்கு இருமல் வந்துவிட்டது. பாட்டு நின்றுபோனது. இன்ஜின் சத்தம் மட்டும் கேட்டது. அந்தப் பெண் புகைக்குள் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் பாப்பாத்தி தம்பியைப் பிடிபிடியென்று பிடித்துவிட்டார். “சுடுகாட்டுப் பொகை போதாதுன்னு நீ வேற தெருவுலயே பொகை போடறியா? அழறவங்க அழக்கூட வேண்டாமா? ஒண்ணு உன் வண்டி போகோணும், இல்ல நான் வாய மூடிக்கோணும். எது வேணும்னு நீயே சொல்லு.”

மாணிக்கவாசகம் கரண்ட் வண்டி பார்க்கக் கிளம்பினார்.

முதலில் பார்த்தது மூன்று சக்கர வண்டி. இருப்பதிலேயே விலை குறைவு, எந்தச் சந்திலும் நுழையும். ஏறிப் படுத்தார், முழங்கால் மடங்கியது. “பின்கதவைத் திறந்துவிட்டா ஆயித்து சார், கால் கொஞ்சம் வெளியே இருந்தா என்ன?” என்றார் விற்பனை ஆள். மாணிக்கவாசகம் எழுந்து உட்கார்ந்தார். “உங்க தாத்தன அப்படிக் கொண்டுபோவீங்களா?” அதற்கு அவர் வைத்த பெயர் குட்டையன்.

அடுத்தவன் நெட்டையன். தொட்டி தாராளமான நீளம், ஆள் படுத்தால் பக்கத்தில் பூக்கூடைகூட வைக்கலாம். விலையோ குட்டையனைப்போல் இரண்டு பங்குக்கு மேல். அதையாவது எப்படியோ சமாளிக்கலாம். ஆனால் பேட்டரியை அடியில் வைத்து, தொட்டியைக் கழுத்து உயரத்துக்குத் தூக்கிவிட்டிருந்தார்கள். தோளில் வருகிற பாடையைத் தலைக்கு மேல் தூக்கி ஏற்ற வேண்டும். அழுது ஓய்ந்த நாலு பேர் அப்படித் தூக்கினால் ஒரு பக்கம் சரியாதா? போதாக்குறைக்கு, ரிவர்ஸ் போட்டால் வண்டி பாட்டுப் பாடியது. முன்முகத்தில் விளக்கை வளைத்துவிட்டு, பல்லைக் காட்டிச் சிரிப்பதுபோல வேறு செய்திருந்தார்கள். “எழவு வீட்டு வாசல்ல போய் இது சிரிச்சுக்கிட்டே நிக்குது, ரிவர்ஸ் எடுத்தாக் குத்துப்பாட்டுப் போடுது. வீட்டுப் பொம்பளைங்க வெளக்குமாத்தாலயே என்னைச் சாத்துவாங்க. செத்துப்போறவனும் இந்த ஊர்லதான் இருக்கறான்னு வண்டி வரையறவனுக்கு யாரும் சொல்லவே இல்லீங்களா?”

மூன்றாவதாகப் பார்த்ததுதான் ஹுன்சூர் சாலை வண்டி. இடுப்பு உயரத்துத் தொட்டி. மூன்று பக்கமும் கதவு மடங்கி இறங்கியது. படுத்துப் பார்த்தார், கால் இடிக்கவில்லை, தலைமாட்டில் விளக்குக்கும் இடம் இருந்தது. முகமும் சிரிக்காத முகம். “மூஞ்சிய எப்படி வெச்சுக்கோணும்னு தெரிஞ்ச வண்டி இது” என்று மெச்சினார். விலை முன்னதற்கும் பின்னதற்கும் நடுவில். ஒரே ஒரு கேள்விதான் பாக்கி இருந்தது. “இது எவ்வளவு மெதுவாப் போகும்?” அந்தக் கேள்வியை அதுவரை யாரும் கேட்டதில்லை.

மறுநாள் அக்காளை அழைத்துவந்து, ஷோரூமுக்குப் பக்கத்துச் சாலையில் வண்டியை நடைவேகத்தில் ஓட்டிக் காட்டினார். பாப்பாத்தி பின்னால் நடந்து வந்தார், மெதுவாக ஏதோ முணுமுணுத்துப் பார்த்தார். வண்டி நின்றதும் பின்கதவைத் தட்டிக்கொடுத்தார். “பொகையுமில்ல, சத்தமுமில்ல. இதுக்குப் பின்னாடி மெட்ராசு வரைக்கும் அழுதுட்டுப் போலாம்டா.” வண்டி அப்போதே முடிவாகிவிட்டது.

மேனேஜர் உதயகுமாருக்கு வண்டி எதற்கு என்று தெரியும். தெரிந்தே முன்பணம் வாங்கினார், கை குலுக்கினார், காபி கொடுத்தார். விற்பதில் அவருக்கு ஒரு சங்கடமும் இல்லை. சங்கடமெல்லாம் டெலிவரிக்கு முதல் நாள் போனில் வந்தது.

“அண்ணா, நாளைக்கு நல்ல முகூர்த்தம். கஸ்டமர்ஸெல்லாம் ஃபேமிலியோட வர்றாங்க. நீங்க சாயங்காலம் இருட்டினப்புறம் பின் கேட்டுக்கு வந்துடுங்க. மாலை, பூசணிக்கா எல்லாம் பேடா, வேண்டாம். ரிப்பன், போட்டோவும் இல்லண்ணா. ஓனர் ஸ்ட்ரிக்டா சொல்லிட்டார். ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி, கொஞ்சம் அனுசரிச்சுக்கங்க.”

“ஏனுங்க, பணத்த மட்டும் முன் கேட்டுல வாங்குனீங்க?”

போன் “நான் என்னண்ணா பண்றது” என்றது.

என்ன அநியாயம் இது! திருட்டு மாடா பிடித்துப்போகிறார், இருட்டில் பின்வாசலுக்கு வா என்பதற்கு? மாணிக்கவாசகம் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். வாழ்நாளில் அவர் வாங்குகிற முதல் புது வண்டி. பழைய டீசல் வண்டி மூன்று கை மாறி வந்தது, அதற்கு யாரும் ரிப்பன் கட்டவில்லை. “வேற கடை பாரேன்டா” என்றார் பாப்பாத்தி. “வேற எதுலக்கா படுக்கறது? ஒண்ணு காலு மடங்குது, ஒண்ணு பாட்டுப் பாடுது.” குரலில் கோபம் பாதி, அழுகை பாதி.

இருட்டும் வரை அவர் காத்திருக்கவில்லை. மறுநாள் காலையிலேயே தேவராஜ மார்க்கெட்டில் சம்பங்கி மாலை கட்டி வாங்கிக்கொண்டு, அக்காளோடு ஷோரூமில் போய் நின்றார். உதயகுமார் கையைப் பிடிக்காத குறையாகப் பின்பக்கம் கூட்டிப்போனார். வண்டி கழுவுகிற இடத்தில், பழைய டயர்களுக்கு நடுவில், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் நின்றது அந்த வண்டி. “சரிண்ணா, இப்பவே எடுத்துக்கங்க. இப்படியே பின்னாடி போயிடுங்க” என்று சாவியைக் கையில் திணித்தார்.

மாணிக்கவாசகம் அக்காளை ஏற்றிக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். பின் கேட் பக்கம் திரும்பவில்லை. கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் வந்தார். அங்கே ஒரு பேக்கரிக்காரர் குடும்பம், சிவப்பு ரிப்பன் கட்டிய வண்டியின் முன்னால் பெரிய அட்டைச் சாவியைப் பிடித்தபடி போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தது. இவர் வந்ததே ஒருவர் காதிலும் விழவில்லை. சத்தமே போடாது என்று சொல்லித்தானே அந்த வண்டியை விற்றார்கள். ரிப்பன் கட்டிய வண்டிக்குப் பக்கத்தில் உரசாமல் கொண்டுவந்து நிறுத்தினார்.

உதயகுமார் ஓடிவந்தார். “அண்ணா, ப்ளீஸ்ணா. எடுத்துடுங்க.”

“அவுங்களுக்குக் கட்டுன ரிப்பன எனக்கும் கட்டுங்க. ஒரு போட்டோ எடுங்க. இப்பவே போயிர்றேன்.”

“ஓனர் மேலேர்ந்து பாத்துட்டிருக்கார்ணா. நான் மாட்டேங்கலை, அவர் ஒத்துக்க மாட்டார்.”

மாணிக்கவாசகம் மாடிக் கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தார். செருப்பைக் கழற்றிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் விட்டார். தோளில் கிடந்த துண்டை உதறித் தொட்டியில் விரித்தார். ஏறி, மல்லாந்து படுத்து, கைகளை உடம்போடு ஒட்டி, கட்டைவிரல்களைச் சேர்த்து, கண்ணை மூடிக்கொண்டார். போட்டோக்காரர் கேமராவைத் தாழ்த்தினார். பேக்கரிக்காரரின் மனைவி குழந்தையை இழுத்து இடுப்பில் வைத்துக்கொண்டார்.

“ஐயோ, எழுந்திருங்கண்ணா! அம்மா, நீங்களாவது அவருக்குச் சொல்லுங்கம்மா” என்று உதயகுமார் பாப்பாத்தியிடம் திரும்பினார்.

பாப்பாத்தி இறங்கிவந்து மாலைப் பையை உதயகுமார் கையிலேயே கொடுத்துவிட்டு, தம்பியின் தலைமாட்டுக்குப் போய் நின்றார். கொண்டை ஊசியை உருவிப் பல்லில் கடித்துக்கொண்டார். மாடிக் கண்ணாடியைப் பார்த்தபடியே கொண்டையை அவிழ்த்தார்.