தண்ணீருக்கு நிற்கிறவள்

ஜமுனாமரத்தூர்ப் பள்ளிக்கூட ஹாலில் கயிறு கட்டி, துணி கிளிப் போட்டு சேகரின் படங்களைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். எல்லாம் கறுப்பு வெள்ளை, எல்லாம் மெட்ராஸ். கட்டம் கட்டமாக மின்சார ரயில், மாடிப்படிச் சண்டை, டீக்கடை. பத்திரிகை ஆபீசில் என் பக்கத்து மேஜையில் சித்திரக்கதை போட்டவன் இங்கே டிராயிங் மாஸ்டராக வந்துவிட்டான். மெட்ராஸிலேயே கிடக்கிற என் கைக்கு ஒருநாளும் வராத மெட்ராஸ், மலைமேல் உட்கார்ந்திருக்கிறவன் கைக்கு வந்திருக்கிறது. எங்கேயாவது ஒரு கோடாவது பிசகியிருக்காதா என்று தேடிக்கொண்டே போகிறேன்.

கடைசிப் படத்தின் முன்னால், சந்தைக்குப் புளி சுமந்து வந்த ஒரு அம்மா நிற்கிறார். படத்தில் அடிபம்பு வரிசையின் கடைசியில் காலிக் குடத்தோடு ஒருத்தி. அதோடு கதை முடிந்துவிடுகிறது.

"நேத்தும் வந்து பாத்தேங்க. இன்னும் அவளுக்குத் தண்ணி கெடைக்கல."

"வெறும் படம்தானேம்மா."

"அது தெரியாதா எனக்கு? இன்னா வெயில்ல நிக்கிறா பாருங்க. நீங்க மெட்ராஸா? அவளப் பாத்தா, எங்க ஊர் ஊத்துல தண்ணி இருக்குது, வரச் சொல்லுங்க."

சிரித்துவிட்டுப் போகிறார். நான் வரைந்த ஒருத்திக்கும் இதுவரை யாரும் சேதி சொல்லி அனுப்பியதில்லை.

சேகர் ஓடி வருகிறான். "அந்தம்மா ரொம்ப நேரம் நின்னாங்களே, என்னடா சொன்னாங்க?"

"பம்பு கைப்பிடி கோணலா இருக்காம்" என்கிறேன்.